செவ்வாய்ப்பேட்டைச் சுத்தியலும் சோழமண்டலத்துச் செம்பும்

நவீன சித்திரங்களைப் பார்க்கப் போகிறவர் தனியே போகலாகாது என்பதும், கூட்டமாகப் போவதிலும் கைத்தொழிலால் ஜீவனம் நடத்துகிற சிலரையாவது உடனழைத்துக்கொண்டே போகவேண்டும் என்பதும், எங்கள் வாசகர் கூட்டத்தார் அண்மையில் சென்னைக்குச் சென்று திரும்பியதிலிருந்து என் மனத்தில் நிலைபெற்றுவிட்ட அபிப்பிராயங்கள். இந்தப் பதிவுகளைத் தொடர்ந்து வாசித்துவரும் நண்பர்களில் பெரும்பாலோர் சேலம், நாமக்கல் சீமையைச் சேர்ந்தவர்கள். "நமக்கும் அந்தப் படங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வாக்கியத்தில் விடை சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆகையால் இப்பதிவு சற்று நீளமாகவே அமையும், பொறுத்து வாசியுங்கள்.

முதலில் கூட்டத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒரு பெரியவர், அம்மாப்பேட்டைத் தறிக்காரர் ஒருவர், நாமக்கல்லில் லாரிகளுக்கு வர்ணம் பூசிப் பெயரெழுதும் ஓர் இளைஞர், ராசிபுரத்துப் பக்கத்துப் பள்ளியொன்றின் ஆசிரியை, பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர், ஜாதகம் கணிப்பதில் நெடுநாள் பழக்கமுள்ள என் சித்தப்பா, இவர்களோடு கல்லூரி மாணவர் சிலர். இவர்களில் எவரும் சித்திரக்கலையைப் பாடமாகப் பயின்றவரல்லர். ஆனாலும் ஒவ்வொருவரும் ஏதாவதொன்றை உற்றுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். இந்த உண்மையின் மதிப்பு புறப்படும்போது எனக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. திரும்பி வரும்போது பூரணமாக விளங்கிற்று.

சித்திரக்கலை நம் சமவெளிக்கு அன்னியமானது என்று எண்ணுகிறவர்கள், 1888-ஆம் ஆண்டில் மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையை நினைத்துக்கொள்ள வேண்டும். நாமக்கல் கவிஞர் என்று நாடு முழுவதும் அவரைக் கொண்டாடுவதற்கு முன்பே அவர் தேர்ந்த சித்திரக்காரர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊரிலேயே, மலைப் பாறையைக் குடைந்து நரசிம்மரையும் அரங்கநாதரையும் வடித்துவைத்த குடைவரைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கின்றன. கண்ணால் காண்பதை அப்படியே நகலெடுப்பது மட்டுமே கலையென்றால், பல கரங்களோடு அந்தக் கல்லிலே சீறுகிற நரசிம்மத்தை எந்தக் காட்டில் பார்த்து அச்சிற்பி நகலெடுத்தான்? காணாததை உருவாக்கிக் கண்டதாக நம்மை நம்பவைக்கும் துணிவு நம்மூர்ப் பாறையிலேயே இருக்கிறது. ரயிலேறுவதற்கு முன் கூட்டத்தாரிடம் நான் சொன்ன முன்னுரை இவ்வளவுதான்.

சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் வழியாக எழும்பூர் செல்லும் இரவு ரயிலில் போனோம். விடிந்ததும் பக்கத்திலேயே பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பெற்ற அந்த ஸ்தாபனத்தில் அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ரவிவர்மாவின் சித்திரங்களும் அதன் சேகரத்தைச் சேர்ந்தவை. அவரைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன் தலைமையாசிரியர், "இதுதானுங்க படம்! புடவையில சரிகை எது, மடிப்பு எதுன்னு தெரியுது. இதுக்கப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. 1839-இல் பிரான்சு தேசத்தில் தாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. முகத்தையும் மாளிகையையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்யும் காரியத்தை அதன்பின் ஓர் இயந்திரமே எடுத்துக்கொண்டுவிட்டபடியால், சித்திரக்காரன் முன் இரண்டு வழிகளே நின்றன. இயந்திரத்தோடு போட்டியிடுவது ஒன்று, இயந்திரத்தால் ஆகாததைத் தேடுவது மற்றொன்று. ஐரோப்பாவில் இரண்டாவது வழியிலே துணிந்து நடந்தவர்களிடமிருந்துதான், செசானில் தொடங்கிப் பிக்காஸோ வரைக்கும், நாம் நவீனம் என்று சொல்லும் பரம்பரை கிளைத்தது. ரவிவர்மாவுக்குப் பிறகு மாற்றியதற்குக் காரணம் அவருடைய குறை ஒன்றுமில்லை. அவர் செய்த காரியம் பூர்த்தியாகிவிட்டது, அவ்வளவே. தலைமையாசிரியர் இதைக் கேட்டுக்கொண்டார்; ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய ஆட்சேபத்தின் முழு பலத்தையும் பிற்பகலில்தான் காணப் போகிறோம்.

எங்கள் பிரயாணத்தின் பிரதான லட்சியம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே இஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம். அங்கே போய்ச் சேருமுன் அதன் பூர்வகதையைச் சொல்லிவிட வேண்டும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஆரம்பித்த தொழிற்கலைப் பள்ளிதான் பிற்காலத்தில் அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்குத் தலைமை வகித்த முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. மெரினாவிலே நான்கு தொழிலாளர் உடலை வளைத்துப் பாறையை நெம்பித் தள்ளும் 'உழைப்பாளர் சிலை', 1959-இல் அங்கே நிறுவப்பட்ட அந்தச் சிலை, அவருடைய கைவேலை. அவருக்குப் பின் 1957-இல் கல்லூரியின் தலைமையை ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர், 1911-இல் கோயமுத்தூரில் பிறந்தவர், 1944-லேயே சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவர்.

பணிக்கருக்கும் அவருடைய மாணாக்கருக்கும் வாட்டமளித்த பிரச்சினை மிகவும் லௌகிகமானது. கல்லூரியில் தேறி வெளிவரும் இளைஞனுக்கு அடுத்த நாள் சோற்றுக்கு வழி என்ன? சித்திரத்தை வாங்குவார் இல்லை. உத்தியோகத்துக்குப் போனால் தூரிகை உலர்ந்துவிடும். அவர்கள் கண்டுபிடித்த உபாயம், கைவினைப் பொருள் செய்து விற்பது. அதிலும் முக்கியமாகப் பத்திக் துணி. உருக்கிய மெழுகைத் துணியில் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பிறகு மெழுகை நீக்கினால், மெழுகிருந்த இடம் சாயம் ஏறாமல் நிற்கும். மெழுகு வெடித்த இடங்களில் மட்டும் சாயம் நூலிழைபோல் உள்ளே ஓடியிருக்கும். கைவினையில் வந்த வருமானத்தைத் திரட்டி ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கி, 1966-இல் அந்தக் கடற்கரை மணலில் குடியேறினார்கள். அரசாங்கமோ பிரபுவோ கட்டிக்கொடுத்த அக்கிரகாரமல்ல அது; சித்திரக்காரர் தம் கைகளால் சம்பாதித்துத் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட ஊர்.

இந்த வரலாற்றை நான் சொல்லி முடித்தபோது அம்மாப்பேட்டைத் தறிக்காரர் சொன்ன வார்த்தை, அன்றைய தினத்தின் போக்கையே திருப்பிவிட்டது. "அப்ப இவங்க நம்ம ஆளுங்கதானுங்க. பாவு போட்டுக் கூலி வாங்கி, அந்தக் கூலியில தங்களுக்குப் பிடிச்சதை நெஞ்சிருக்காங்க" என்றார். வாசலிலேயே அவர் அப்படி உறவு கொண்டாடிவிட்டபடியால், உள்ளே நுழைந்த ஒருவரும் அன்னியர் வீட்டுக்குப் போகிறவர்போல் கூசவில்லை.

அக்கிராமத்தின் நடுவே 2009-இல் திறக்கப்பட்ட சமகாலக் கலை மையம் இருக்கிறது. பணிக்கரையும் அவர் மாணாக்கரையும் ஒட்டி எழுந்த சென்னை ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் சித்திரங்களும் சிற்பங்களும் அதில் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே மரநிழலில் சிற்பங்கள். அந்த அமைதியில் இளைஞர்கள் வழக்கப்படி கைபேசியைத் தூக்கியபோது ஆசிரியை, "தம்பிகளா, முதல்ல கண்ணால பாருங்க, அப்புறம் படம் எடுத்துக்கலாம்" என்று சொல்லி, ஒரு நிபந்தனையும் விதித்தார். எந்தப் படத்தின் முன்னும் 'இது என்ன?' என்று கேட்கக்கூடாது. 'இதை எப்படிச் செய்திருப்பார்?' என்றுதான் கேட்கவேண்டும். இத்தனை சிறிய நிபந்தனை இத்தனை பெரிய பலனைத் தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைச் சேர்ந்த சித்திரத்தின் முன் சித்தப்பா நெடுநேரம் நின்றார். அந்த வரிசையிலே, மலையாள எழுத்தின் சாயலில் நெருக்கமான கிறுக்கல்களும், ஜாதகக் கட்டங்களும், கணித வாய்பாடுகள் போன்றவையும், சிறுசிறு உருவங்களும் பழைய ஏடொன்றை விரித்துவைத்தாற்போல் பரந்திருக்கும். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கட்டங்களைப் படிக்க முயன்றார். "கட்டம் இருக்குது, கிரகம் இருக்குது; ஆனா இது யாரோட ஜாதகமும் இல்லையே கண்ணு" என்றார் முதலில். சற்றுப் பொறுத்து, "இந்த மனுஷன் ஜாதகம் பார்த்து எழுதல, ஜாதகம் எழுதுற கையைப் பார்த்து எழுதியிருக்கார். எங்க தாத்தா ஏட்டுல எழுதுறப்ப கை இப்படித்தான் ஓடும், அவசரமா, ஆனா ஒதுக்கமா" என்றார். கலை விமரிசகர்கள் அந்தச் சித்திரங்களைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். எழுத்தின் பொருளை நீக்கிவிட்டு, எழுதுகிற செயலின் அழகை மட்டும் நிறுத்திவைத்தார் பணிக்கர் என்ற செய்தியைச் சித்தப்பாவைவிடத் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

கொலுசுப் பட்டறைப் பெரியவரின் பங்கு பி.வி. ஜானகிராமின் சிற்பத்தின் முன் வந்தது. ஜானகிராம் செம்புத் தகட்டை வெட்டி, தட்டி, வளைத்து, கம்பிகளை அதன்மேல் பற்றவைத்து உருவங்களைச் சமைத்தவர். அவருடைய உருவங்களுக்குப் பின்புறம் என்பது அநேகமாகக் கிடையாது. கருவறையில் கவசம் சாத்தப்பெற்ற மூர்த்திபோல் அவை நம்மை நேருக்குநேர் நோக்கியே நிற்கின்றன. பணிக்கரின் குமாரர் எஸ். நந்தகோபாலும் செம்பையும் பித்தளையையும் இணைத்து இத்தகைய முன்முகச் சிற்பங்களைச் செய்தவர். பெரியவர் முகத்தை மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்க பாருங்க, பத்தவச்ச தடம் அப்படியே தெரியுது. எங்க பட்டறையில இப்படித் தெரிஞ்சா உருப்படி திரும்பி வந்துடும். அராவி, மெருகு போட்டு மறைச்சுடுவோம். இவரு வேணும்னே விட்டிருக்காரு. தடம்தான் இவருக்கு நகை."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறக்கமாட்டேன். நவீன சிற்பத்தின் லட்சணங்களுள் முதன்மையான ஒன்றை, அதாவது செய்த முறையை மறைக்காமல் அதையே அழகாக்கிக்கொள்ளும் நேர்மையை, ஐம்பது வருஷம் சுத்தியல் பிடித்த கை ஒரு நொடியில் இனங்கண்டுகொண்டது. பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன், "அப்ப மறைக்கிறது தப்பாங்க ஐயா?" என்று கேட்க, "தப்பில்லை கண்ணு. கால்ல போடுறது உறுத்தக்கூடாது, அதனால மறைக்கிறோம். இது சுவத்தோரம் நிக்கிறது, இது யாரையும் உறுத்தலாம்" என்று அவர் பதில் சொன்னார்.

கே.எம். ஆதிமூலம் நாமக்கல்லுக்குக் கிழக்கே துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்தவர் என்று சொன்னதும் லாரிக்கு வர்ணம் பூசும் இளைஞர் நிமிர்ந்து நின்றார். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்தியின் கோட்டோவியங்களும், கி. ராஜநாராயணன் எழுத்துக்கு அவர் வரைந்த சித்திரங்களும் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானவை. உருவத்தை அறவே விட்டுவிட்டு வர்ணங்களை மட்டுமே வைத்து அவர் பின்னாளில் தீட்டிய பெரிய சித்திரங்கள் அவ்வளவு பழக்கமானவையல்ல. அத்தகைய சித்திரத்தை எங்கள் இளைஞர் பார்த்த விதம் வேறு. அடியில் எந்த வர்ணம் முதலில் விழுந்தது, அது காய்ந்தபின் மேலே வந்தது எது, எந்த இடத்தில் காயுமுன்பே அடுத்தது ஏறிக் கலந்துவிட்டது என்று ஒரு துப்பறிவாளரைப்போல் வரிசைப்படுத்திக் காட்டினார். அவர் விரல் சுட்டிய வரிசையில் நாங்கள் பார்த்துக்கொண்டே போகப் போக, சற்றுமுன் வெறும் வர்ணத் திட்டுகளாக இருந்தது, அடி மண்ணும் மேல் வெளிச்சமுமாகப் பிரிந்து ஆழங்கொண்டது.

கே. ராமானுஜத்தின் சித்திரங்கள் எவருடைய விளக்கத்தையும் வேண்டவில்லை. கோபுரங்களும் விதானங்களும் மேகங்களும் விசித்திர ஜந்துக்களும் நுண்ணிய மைக்கோடுகளால் பின்னப்பட்ட சொப்பன லோகம் அது. உலகத்தோடு எளிதாகப் பேசிப் பழக இயலாதிருந்த அந்த மனிதரை இந்தக் கிராமம் தன்னுள் ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1973-இல், வயது முப்பத்தைந்து நிரம்புமுன்பே, அவர் வாழ்வு முடிந்துபோயிற்று. மாணவர்கள் அந்தச் சித்திரத்தின் முன் தாமாகவே பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

இனித் தலைமையாசிரியரின் ஆட்சேபம். உணவுக்குப்பின் மரத்தடியில் அமர்ந்திருந்தபோது அவர் சொன்னதை இயன்றவரை அவர் வாக்கிலேயே தருகிறேன். "நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன் தம்பி. தொழில் நல்ல தொழில்தான், மறுக்கலை. ஆனா தாரமங்கலத்துல வாலியும் சுக்ரீவனும் தூண்ல இருக்காங்கன்னா, அந்தக் கதை சிற்பிக்கும் தெரியும், ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு இருந்துச்சு. இங்க ஒவ்வொருத்தரும் தனித்தனிப் புராணம் வச்சிருக்காரு. சாவி அவர்கிட்டயே இருந்தா நான் எப்படிக் கதவைத் திறக்கிறது?"

இதைவிடக் கனமான ஆட்சேபத்தை நவீன கலைக்கு எதிராக நான் கேட்டதில்லை. அதற்கு நான் கண்ட விடையை உங்கள் முன் வைப்பதற்காகவே இப்பதிவை எழுதத் தொடங்கினேன்.

தாரமங்கலம் கைலாசநாதர் ஆலயத்தின் அந்தத் தூண்களை நம் பக்கத்தில் அறியாதார் இல்லை. இராமன் நிற்கும் தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணருகே நின்றால் இராமன் தெரியமாட்டான். கதை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் மறைந்திருந்து எய்த அம்பின் தர்மசங்கடத்தைப் பார்வையாளனின் கால்களுக்கே உணர்த்திவிடவேண்டும் என்று தூண்களின் இடைவெளியைச் சிற்பி கணக்கிட்டானே, அந்தக் காரியம் கதையில் இல்லை. சிற்பியின் சிருஷ்டியில் இருக்கிறது. பொதுக்கதை நம்மை வாசல் வரைக்கும் அழைத்துவந்தது. உள்ளே இழுத்துச் சென்றது செய்திறன்.

ஆனாலும் பொதுவானது ஒன்றை நாம் இழந்துவிட்டோம் என்று தலைமையாசிரியர் சொன்னது முற்றிலும் மெய். அந்த இழப்பை எவரினும் அதிகமாக உணர்ந்து வருந்தியவர்கள் இந்தச் சென்னை ஓவியர்களே என்பதுதான் என் விடை. பணிக்கர் 1954-இல் லண்டனிலும் பாரிஸிலும் தம் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தவர். மேனாட்டு நவீனத்தை அதன் இல்லத்திலேயே கண்டவர். கண்டபின் அவர் தேடிச் சென்றது ஜாதகக் கட்டத்தை. ஜானகிராம் சென்றது கோயில் கவசத்தினிடம். ஜே. சுல்தான் அலி நாட்டார் தெய்வங்களையும் பழங்குடி மக்களின் உருவங்களையும் தேடினார், எம். ரெட்டப்ப நாயுடு மகாபாரதத்தையே வரிசையாக வரைந்தார், எஸ். தனபால் ஔவையாரை வெண்கலத்தில் நிறுத்தினார். இவர்களில் ஒருவரும் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பியவரல்லர். அறுந்துபோன பொதுமொழியின் இழைகளை ஆளுக்கொன்றாய்ப் பொறுக்கியெடுத்து மீண்டும் முடிய முயன்றவர்கள். முடிச்சின் மறுமுனையைப் பிடிக்க வேண்டியவர்கள் நாம். நாம்தான் போகாமல் இருந்துவிட்டோம்.

தலைமையாசிரியர் இதைக் கேட்டு, "முயற்சி பண்ணாங்கன்னு ஒத்துக்கிறேன்; முடிஞ்சுதான்னு இன்னும் தெரியல" என்றார். அவர் அந்த அளவிலே நிற்பதற்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு. கூட்டமாகப் போவதன் பயனே இதுதான் என்று சொல்வேன். தனியே பார்க்கிறவன் தன் விருப்பு வெறுப்புகளை எடுத்துக்கொண்டு போய் அவற்றையே திரும்பக் கொண்டுவருவான். கூட்டத்தில் போகிறவனோ வெள்ளி வேலைக்காரரின் கண்ணையும் ஜோதிடரின் கண்ணையும் ஐயமுடையவரின் கண்ணையும் சற்று நேரம் கடன் வாங்கிக்கொள்கிறான்.

நீங்களும் இப்படிப் புறப்படுவதானால், அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாளைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கவேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஐந்தாறு படங்களுக்கு ஒரு பொழுது முழுவதையும் கொடுப்பது, ஐம்பதைக் கடந்து நடப்பதைக் காட்டிலும் மேலானது. பெயர்ப் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதியவர்கள் உட்கார இடம் எங்கே என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஒரு தச்சரையோ கொல்லரையோ தறிக்காரரையோ தயவுசெய்து உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குரிய பிரயாணச் செலவைப் பள்ளியே ஏற்கட்டும், ஏனெனில் அன்றைக்கு அவரும் ஓர் ஆசிரியர்.

இன்னொரு வேண்டுகோளையும் பகிரங்கமாகவே வைக்கிறேன். இத்தனை தூரம் ரயிலேறிப் போகவேண்டிய அவசியம் நம் ஜனங்களுக்கு என்றென்றும் இருக்கலாகாது. சேலத்திலும் நாமக்கல்லிலும் கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. கல்யாண மண்டபங்களுக்கும் குறைவில்லை. வருஷத்தில் ஒரு மாதம், நல்ல வெளிச்சமுள்ள ஒரு கூடத்தில், சென்னை இயக்கத்தாருடைய அசல் சித்திரங்களும் சிற்பங்களும் பத்தாவது வந்து இருக்கட்டும். பட்டறை மூடும் நேரத்துக்குப் பிறகும் அந்தக் கூடம் திறந்திருக்கட்டும். கவின்கலைப் பயிற்சியில்லாதவர்களுக்கு அவை புரியுமா என்று எவரேனும் கேட்டால், செம்பில் விடப்பட்ட பற்றவைப்புத் தடத்தை முதலில் கண்டு சொன்னவர் யார் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லத் தயாராயிருக்கிறேன். இடமும் பொறுப்பும் ஏற்க மனமுள்ளவர்கள் எழுதுங்கள். எங்கள் கூட்டத்தார், ஆட்சேபம் தீராத தலைமையாசிரியர் உட்பட, தோள் கொடுக்க இசைந்திருக்கிறார்கள்.